லி ஆற்றில் ஒரு நாள்: பெரிய படகா, தெப்பமா?

கேள்வி: 9 மார்ச் 2025

மே கடைசியில் சீனாவில் குவாங்சோ வழியாகக் குய்லின் போகிறோம். நான், மனைவி, பத்து வயதுப் பையன், 72 வயது அம்மா. குய்லினில் ஒரே ஒரு முழு நாள்தான் கிடைக்கும். லி ஆற்றில் யாங்ஷுவோ வரை போகிற பெரிய படகெல்லாம் வெறும் விளம்பரம், நாலு மணி நேரம் உட்கார்ந்தால் அலுத்துவிடும், மூங்கில் தெப்பத்தில் ஒரு மணி நேரம் போனால் அதே காட்சிதான் என்று அலுவலகத்தில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? அன்று இரவே குய்லின் திரும்ப வேண்டும்.

9 மார்ச் 2025, இரவு

அலுக்காது. ஆனால் உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

துணி வியாபாரத்துக்காகச் சில வருடங்கள் குவாங்சோவில் இருந்தேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் குய்லினுக்குக் கூட்டிப்போவது என் வேலையாகிவிட்டது. அப்பா, மாமியார், அக்கா பிள்ளைகள் என்று பல வயதுக்காரர்களோடு இந்த ஆற்றில் போயிருக்கிறேன். வயதைப் பொறுத்துத்தான் பதில் மாறுகிறது.

முதலில் ஆற்றைப் புரிந்துகொள்ளுங்கள். குய்லினிலிருந்து யாங்ஷுவோ வரை நீர்வழி 83 கிலோமீட்டர். ஆனால் பெரிய படகு ஊருக்குள்ளிருந்து கிளம்புவதில்லை. ஊருக்கு வெளியே மோபான்ஷான், ஜுஜியாங் என்று இரண்டு துறைகள் உண்டு. ஊரிலிருந்து காரில் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பிய முதல் ஒரு மணி நேரம் மலைகள் தள்ளித் தள்ளி நிற்கும். நன்றாக இருக்கும், ஆனால் இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றும். யாங்டி என்ற ஊரைத் தாண்டியதும் இரண்டு கரையிலும் மலைகள் நெருங்கி வந்துவிடும். அங்கிருந்து ஷிங்பிங் வரைதான் இந்த ஆற்றின் உயிர். ஷிங்பிங்குக்குப் பிறகு யாங்ஷுவோ வரை மறுபடி கொஞ்சம் தளர்ந்துவிடும்.

ஆக நாலு மணி நேரமும் ஒரே மாதிரி இல்லை. அம்மாவை முதல் ஒரு மணி நேரம் உள்ளே ஏசியில் உட்கார வைத்து ஏதாவது சாப்பிடச் சொல்லுங்கள். யாங்டி வரும்போது மேல்தளத்துக்கு அழைத்துப் போங்கள். இதைத் தெரியாமல் கிளம்பியவுடன் எல்லாரும் மேலே ஏறி வெயிலில் நின்று களைத்துப்போய், நல்ல இடம் வரும்போது கீழே சாப்பாட்டு வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன், மனசு கேட்காது. பக்கத்தில் நிற்பவர்களைத் தட்டிக் கூப்பிட்டுவிடுவேன்.

72 வயதுக்குப் படகுதான். கழிப்பறை இருக்கிறது, உட்காரலாம், நிற்கலாம், வெந்நீர் கிடைக்கும். மூங்கில் தெப்பம் என்று சொல்வது லி ஆற்றில் இப்போது மூங்கிலே இல்லை. தடித்த பிளாஸ்டிக் குழாய்களை வரிசையாகக் கட்டி, பின்னால் மோட்டார் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் நாலு பேர். தாழ்வான நாற்காலி, காலடியில் தண்ணீர். அதோடு வயதானவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் அம்மாவைக் கரையில் நிறுத்திவிட்டு மற்றவர்கள் ஏறும் நிலை வரக்கூடாது.

இனி எல்லாரும் கோட்டை விடுகிற இடம். இந்த நாள் ஆற்றில் கெடுவதே இல்லை. இரண்டு முனையிலும் தரையில்தான் கெடுகிறது.

காலை முனை: படகுகள் காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிவிடும். தவறவிட்டால் மதியப் படகு பிடிக்கலாம் என்ற பேச்சே இல்லை. உங்கள் டிக்கெட் எந்தத் துறைக்கு என்று சீன எழுத்தில் போனில் வைத்துக்கொண்டு ஓட்டுநரிடம் காட்டுங்கள். நாங்கள் தங்கிய விடுதியில் அவர்களாகவே ஒரு துறையின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். டிக்கெட்டில் இருந்தது இன்னொன்று. டாக்சி ஓட்டிய அம்மா சந்தேகப்பட்டு டிக்கெட்டை வாங்கிப் பார்த்ததால் தப்பித்தோம். அப்பா வழியெல்லாம் அந்த அம்மாவுக்குத் தமிழிலேயே நன்றி சொல்லிக்கொண்டு வந்தார்.

மாலை முனை: படகு ஒருவழிதான். மதியம் இரண்டு மணி வாக்கில் யாங்ஷுவோவில் இறக்கிவிடும். அங்கிருந்து குய்லினுக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ரயிலில் வரலாமே என்று நினைப்பீர்கள். யாங்ஷுவோ என்று பெயர் வைத்த ரயில் நிலையம் யாங்ஷுவோவில் இல்லை, ஷிங்பிங் பக்கத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து அங்கே போகவே ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். ரயிலை நம்பாதீர்கள், பஸ்ஸோ வாடகைக் காரோ பிடியுங்கள்.

முடிந்தால் பெட்டியோடு போய் அன்று இரவு யாங்ஷுவோவிலேயே தங்குங்கள். ஆனால் நீங்கள் முடியாது என்கிறீர்கள், சரி.

10 மார்ச் 2025

கடவுச்சீட்டைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. படகு டிக்கெட், ரயில் டிக்கெட் இரண்டுமே கடவுச்சீட்டு எண்ணோடு பதிவாகும். நகல் போதாது, அசல் கையில் வேண்டும், பையனுக்கும்தான். ரயில் நிலையத்தில் உள்ளூர்க்காரர்கள் அடையாள அட்டையைத் தானியங்கிக் கதவில் வைத்துப் போய்விடுவார்கள். நமக்குப் பெரும்பாலும் ஆள் நிற்கும் வழிதான். அதற்குக் கொஞ்சம் முன்னதாகப் போங்கள்.

12 மார்ச் 2025

மூன்று நட்சத்திரப் படகு, நான்கு நட்சத்திரப் படகு வித்தியாசம் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கு 200 யுவானுக்குக் கொஞ்சம் மேல், நான்குக்கு 350-ஐ ஒட்டி. சீசனுக்கு ஏற்ப மாறும். நான்கில் இடம் தாராளம், ஜன்னல் பெரிது, சாப்பாடு பஃபே. ஆறு ஒன்றே. இளவட்டங்கள் மட்டும் போனால் மூன்று போதும், எப்படியும் மேல்தளத்தில்தான் நிற்பார்கள். அம்மா உள்ளே உட்கார்ந்து பார்ப்பார் என்றால் அந்தப் பெரிய ஜன்னலுக்காக நான்கு எடுங்கள். காசு அங்கேதான் பயன்படுகிறது.

சாப்பாட்டுக்காக எடுக்காதீர்கள். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், நிறைய இருக்கிறது.

15 மார்ச் 2025

மே கடைசி என்பதை இப்போதுதான் யோசித்தேன். குய்லினில் ஏப்ரல் முதல் ஜூலை வரை மழைக்காலம். அதிலும் மே, ஜூன்தான் உச்சம். வருடத்துக்கு 1900 மில்லிமீட்டர் வாக்கில் பெய்கிற ஊர், சென்னையைவிட அதிகம். அதில் பெரும்பகுதி இந்த மாதங்களில் கொட்டிவிடும். வெள்ளம் ஏறினால் முதலில் தெப்பத்தை நிறுத்துவார்கள், அப்புறம் படகையும்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் அந்த நாளை நிறுத்திவிட்டால் போச்சு. குய்லினில் இரண்டு இரவு போட்டு, எந்த நாள் படகு ஓடுகிறதோ அந்த நாள் போவது என்று வைத்துக்கொள்ள முடியுமா பாருங்கள். பயணத்தில் ஷாங்காயும் இருந்தால், அங்கே ஒரு நாள் குறைந்தால் ஒன்றும் குறையாது என்பது என் கருத்து. ஷாங்காய் பிரியர்கள் மன்னிக்கவும்.

16 மார்ச் 2025

மழை என்றால் போகவே வேண்டாமா என்று இன்னொரு வாசகர் கேட்கிறார். அப்படி இல்லை. தூறல் நாளில் அந்த மலைகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வெளுத்துக்கொண்டே போகும். சீன மை ஓவியங்களில் பார்க்கிற மலைகள் கற்பனை என்று நினைத்திருந்தேன். தூறலில் பார்த்த பிறகு, கண்ணால் கண்டதைத்தான் வரைந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. நீல வானம், தண்ணீரில் தெளிவான நிழல் வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை. பனிமூட்டம் வேண்டுமென்றால் வசந்தம். இரண்டும் பார்த்தவன் நான், எது உயர்வு என்று சொல்ல மனம் வரவில்லை. கொட்டுகிற மழை மட்டும் எதற்கும் உதவாது.

2 ஏப்ரல் 2025

சாப்பாடு. கேள்வி கேட்டவரின் அம்மா சுத்த சைவம் என்று தனிச் செய்தியில் சொன்னார். இங்கே எழுதினால் எல்லாருக்கும் உதவும்.

குய்லினின் பெருமை அரிசி நூடுல்ஸ், காலை ஆறு மணிக்கே தெருவெல்லாம் கடை. நம் இடியாப்பத்தைவிடக் கொஞ்சம் தடிமனாக, வழவழவென்று இருக்கும். மேலே வறுத்த நிலக்கடலை, ஊறுகாய் போட்ட காராமணிக்காய், மிளகாய். பார்த்தால் சைவம் என்றே தோன்றும். ஆனால் அதில் ஊற்றுகிற சாறு எலும்பையும் மாமிசத்தையும் மசாலாவோடு மணிக்கணக்காகக் கொதிக்க வைத்தது. மேலே வைத்த கறித்துண்டை எடுத்துவிட்டுத் தருகிறேன் என்பார்கள், உதவ வேண்டும் என்ற நல்ல மனசில்தான். மாமியாருக்காக நான் சாறே ஊற்றாமல் வெறும் நூடுல்ஸ் வாங்கி, வீட்டுப் பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் போட்டுக் கொடுத்தேன். கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்து, அந்தப் பொடியைக் கொஞ்சம் கேட்டு வாங்கி ருசி பார்த்தார். பிடித்திருந்தது.

காய்கறி வதக்கலிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். டோஃபுவில் கொத்துக்கறி தூவியிருக்கலாம். ‘வோ ச்சீ சூ’, நான் சைவம், என்று சொன்னால் பாதிதான் புரிந்துகொள்வார்கள். மாமிசம் வேண்டாம், மீன் வேண்டாம், எலும்புச் சாறு வேண்டாம், விலங்குக் கொழுப்பு வேண்டாம் என்று நாலையும் சீன எழுத்தில் தட்டச்சு செய்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். நீட்டிக் காட்டினால் சமையல்காரர் தலையாட்டுவார், அந்தத் தலையாட்டலை நம்பலாம்.

நம்பிச் சாப்பிடக்கூடியவை: வெள்ளைச் சோறு, அவித்த சோளம், சுட்ட சர்க்கரைவள்ளி, பழம். பக்கத்தில் லிபு என்ற ஊரின் சேப்பங்கிழங்கு சீனா முழுக்கப் பேர் போனது. அவித்ததோ ஆவியில் வைத்ததோ கிடைத்தால் விடாதீர்கள். இலையுதிர் காலத்தில் பம்பளிமாஸ், குளிர்காலத்தில் தித்திக்கிற சின்ன ஆரஞ்சு.

படகு பஃபேயில் சோறும் ஒரு கீரையும் பழமும் தேறும். ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் கொண்டுபோங்கள். வெந்நீர் சீனாவில் ரயில், நிலையம், படகு எங்கும் இலவசம். ரெடிமேட் உப்புமா இருந்தால் ஒரு வேளை கழிந்துவிடும்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு: யாங்ஷுவோவில் பீரும் தக்காளியும் மிளகாயும் போட்டு மீன் சமைப்பார்கள். விலை மீனின் எடைக்கு. உயிரோடு இருக்கும் மீனை உங்கள் கண் முன்னால் நிறுத்து, மொத்தம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்ட பிறகு சமைக்கச் சொல்லுங்கள்.

21 ஏப்ரல் 2025

ஒரு தம்பி குவாங்சோவில் கண்காட்சிக்கு வந்திருக்கிறாராம். ஞாயிறு ஒரு நாள் விடுமுறை, குய்லினில் தங்க முடியாது, காலை போய் இரவு திரும்ப வேண்டும், லி ஆறு பார்க்க முடியுமா என்கிறார்.

முடியும், ஆனால் குய்லின் போகாதீர்கள். குய்லினில் இறங்கும்போது படகுகள் எல்லாம் போயிருக்கும். யாருக்கும் பயன்படாத அந்த யாங்ஷுவோ ரயில் நிலையம் உங்களுக்குத்தான் பயன்படப் போகிறது. குவாங்சோ தெற்கு நிலையத்திலிருந்து காலை முதல் ரயில்களில் ஒன்று, இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். இறங்கினால் ஷிங்பிங் பழைய ஊர் பஸ்ஸில் கால் மணி தூரம். இந்த ரயில் பாதை 2014 டிசம்பரில் திறந்தார்கள். அதற்கு முன் குவாங்சோவிலிருந்து இரவு முழுக்க ஸ்லீப்பர் பஸ்ஸில் உருண்டு போக வேண்டும்.

ஷிங்பிங்கில், பாறையில் குதிரை உருவங்கள் தெரிகிற ஒன்பது குதிரை மலை வரை போய்த் திரும்புகிற படகோ தெப்பமோ பிடியுங்கள். இறங்கியதும் பழைய கல்தெருவில் நடங்கள். கால் வலுவாக இருந்தால் லாவ்ஜாய் மலை ஏறுங்கள். படி செங்குத்து, மழை பெய்திருந்தால் வேண்டாம். மேலிருந்து ஆறு வளைந்து திரும்புவது முழுக்கத் தெரியும். மாலை ரயிலுக்கு டிக்கெட்டை முன்னதாகவே எடுத்துவிடுங்கள். பதினைந்து நாள் முன்னால் விற்பனை திறக்கும், ஞாயிறு மாலை வண்டி சீக்கிரம் நிறையும்.

22 ஏப்ரல் 2025

நேற்று அந்தத் தம்பிக்கு எழுதிவிட்டுப் படுத்தபோது ஒரு யோசனை ஓடியது. நல்ல பகுதி யாங்டி முதல் ஷிங்பிங் வரைதான் என்றால், ஷிங்பிங்கில் போய் அந்தப் பகுதியை மட்டும் பார்ப்பதே எல்லாருக்கும் போதாதா? 83 கிலோமீட்டர் எதற்கு?

என் அக்கா மகன் அப்படித்தான் சொல்வான். தெப்பத்தில் போனவன் அவன், தண்ணீர் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது என்று இன்றும் பேசுவான். அவனுக்கு அது சரி. ஆனால் அப்பாவோடு பெரிய படகில் போனது எனக்கு வேறு மாதிரி. மலைகள் தூரத்தில் தனித்தனியாக நின்று, மெல்லக் கிட்டே வந்து, கொலுப்படியில் பொம்மைகளை நெருக்கி வைத்ததுபோல் கரை முழுக்க அடைத்துக்கொள்ளும் வரைக்கும் மணிக்கணக்கில் ஆகிறது. அந்தக் காத்திருப்பும் பயணத்தில் சேர்த்தி. யாங்டி வந்தபோது அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். அவர் பேச்சை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

ஆகவே: நேரமும் வயதும் இருப்பவர்களுக்கு முழுப் படகு. நேரம் இல்லாத இளையவர்களுக்கு ஷிங்பிங். என் பழைய கருத்தை இந்த அளவுக்கு மாற்றிக்கொள்கிறேன், அதற்கு மேல் இல்லை.

23 ஏப்ரல் 2025

தெப்பம் பிரியர்களுக்கு ஒரு வரி. உண்மையான மூங்கில் தெப்பம், மோட்டார் சத்தமே இல்லாமல் ஆள் கழி ஊன்றித் தள்ளுவது, யாங்ஷுவோ பக்கத்தில் யூலோங் ஆற்றில் இருக்கிறது. ஒரு தெப்பத்துக்கு இரண்டு பேர். சின்னச் சின்னத் தடுப்பணைகளில் சறுக்கி இறங்கும்போது கால் நனையும், பிள்ளைகள் கத்தித் தீர்ப்பார்கள். லி ஆறு வேறு, இது வேறு. இரண்டாவது நாள் கிடைத்தால் இதற்குக் கொடுங்கள்.

9 ஜூன் 2025, கேள்வி கேட்டவர்

போய் வந்தோம். நீங்கள் சொன்னபடி குய்லினில் இரண்டு இரவு போட்டோம், நல்லவேளை. முதல் நாள் கனமழை, படகு இல்லை என்றார்கள். மறுநாள் ஓடியது. அம்மா யாங்டி வரை தூங்கிவிட்டார், அப்புறம் இறங்கும் வரை மேல்தளத்தை விட்டு நகரவில்லை. பையனுக்கு ஒன்பது குதிரையில் நாலுதான் தெரிந்தது. யாங்ஷுவோ துறையில் படி ஏறுவதுதான் அம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது, அதைச் சொல்லியிருக்கலாம். திரும்பும்போது காருக்கு விலை பேச எனக்குத் தெரியவில்லை.

10 ஜூன் 2025

படித்து ரொம்ப சந்தோஷம். அம்மா யாங்டி வரை தூங்கியது மிகச் சரியான திட்டம்.

துறைப் படி பற்றி இனி போகிறவர்களுக்கு: ஆற்றில் நீர் ஏறி இறங்குவதால் இறங்கும் இடத்தில் படியும் சரிவும் இருக்கும். முழங்கால் வலிக்காரர்கள் கூட்டம் வடியும் வரை படகிலேயே உட்காருங்கள், யாரும் விரட்ட மாட்டார்கள். மேலே ஏறியதும் ஊருக்குள் போக பேட்டரி வண்டி கிடைக்கும். காருக்கு விலை பேச வேண்டாம், டீடீ என்ற டாக்சி செயலியில் அழையுங்கள். போனில் பணம் கட்டுகிற அலிபே செயலிக்குள்ளேயே அது இருக்கிறது, ஆங்கிலத்திலும் வரும்.

ஒன்பது குதிரை பற்றி: ஷிங்பிங்குக்கு மேலே ஒரு பெரிய பாறைச் சுவர், சுண்ணாம்புக்கல்லில் வெள்ளை, மஞ்சள், கறுப்புத் திட்டுகள். ஏழு குதிரை கண்டால் அரசுத் தேர்வில் இரண்டாம் இடம், ஒன்பது கண்டால் முதலிடம் என்று உள்ளூரில் ஒரு பழைய பாட்டு உண்டு. அந்தக் காலச் சீனாவில் தேர்வில் முதலிடம் என்றால் குடும்பத்துக்கே வாழ்வு. நாலு கண்ட பையனுக்கு வாழ்த்து. எனக்கு ஐந்துக்கு மேல் தெரிந்ததே இல்லை.

27 ஜூன் 2025

அவசரக் குறிப்பு. நாளை 28-ஆம் தேதி முதல் சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 3சி என்ற சீனத் தரச்சான்று முத்திரை இல்லாத பவர் பேங்க் அனுமதியில்லை. நம் ஊரில் வாங்கியதில் பெரும்பாலும் அந்த முத்திரை இருக்காது. ஷாங்காய், பெய்ஜிங்கிலிருந்து குய்லினுக்குப் பறக்கிறவர்கள் பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுக்காதீர்கள். சீனாவில் இறங்கியதும் அங்கேயே முத்திரையுள்ளதாக ஒன்று வாங்கிவிடுங்கள். பணம், டிக்கெட், மொழிபெயர்ப்பு எல்லாம் போனில் இருக்கும் நாட்டில் பேட்டரி தீர்ந்தால் கை கட்டிப்போட்ட மாதிரி.

6 ஜூலை 2025

யாங்சி ஆற்றில் மூன்று பள்ளத்தாக்குகளை ஒரு நாளில் பார்க்க முடியுமா என்று கேட்கிறார்கள். முழுதாக முடியாது. சோங்சிங்கிலிருந்து யிச்சாங் வரை படகில் மூன்று, நான்கு நாள். ஆனால் யிச்சாங்கில் தங்கினால் ஒரு நாள் பயணம் ஒன்று உண்டு: இரண்டு அணை, ஒரு பள்ளத்தாக்கு. கெசோபா அணையின் நீர்ப்பூட்டுக்குள் படகு நுழையும், கதவு மூடும், தண்ணீர் ஏற ஏறப் படகும் ஏறும். அப்புறம் ஷிலிங் பள்ளத்தாக்கு, பிறகு மூன்று பள்ளத்தாக்கு அணை. 22,500 மெகாவாட் மின்சாரம் எடுக்கிற அணை. பக்கத்தில் நின்றால் கண் கொள்ளாது. பொறியியல் பிடித்த பிள்ளைகள் இருந்தால் லி ஆற்றைவிட இதையே சொல்வேன்.

குவாங்சோவில் முத்து ஆற்றில் இரவுப் படகு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. 600 மீட்டர் கோபுரத்தின் வண்ண விளக்கு, பாலங்கள். மாலை வெறுமையாக இருந்தால் போகலாம், அதற்காகத் திட்டம் போட வேண்டாம்.

7 ஜூலை 2025

முத்து ஆறு என்றதும் நினைவு வந்தது. லி ஆற்றின் தண்ணீர் கீழே போய் குய் ஆறாகி, வுசோவில் மேற்கு ஆற்றில் கலந்து, முத்து ஆற்று முகத்துவாரத்துக்குத்தான் வருகிறது. மேலே ஷிங்கான் மாவட்டத்தில் லிங்சூ என்ற கால்வாய் இருக்கிறது. கி.மு. 214-இல், சின் பேரரசர் தெற்கே அனுப்பிய படைக்குத் தானியம் கொண்டுபோக வெட்டியது. வடக்கே ஓடி யாங்சியில் சேரும் ஷியாங் ஆற்றையும் தெற்கே ஓடும் லி ஆற்றையும் அது இணைத்தது. நீளம் 36 கிலோமீட்டர்தான், ஆனால் அதனால் வடசீனப் படகு தென்கடல் வரை வர முடிந்தது. கல்லணையைப் பார்த்து வளர்ந்த யாரும் இதைப் பார்த்தால் நெகிழ்வார்கள். ஏர்க் கொழு மாதிரிக் கல் அணைக்கரை ஒன்று ஆற்றை இரண்டாகப் பிரிக்கிறது, இன்றும் தண்ணீர் ஓடுகிறது. குய்லினில் கூடுதலாக அரை நாள் இருந்தால், எல்லாரும் பார்க்கப் போகிற சுண்ணாம்புக் குகைக்குப் பதில் இங்கே போங்கள். குகையில் சிவப்பு, பச்சை விளக்கு போட்டு வைத்திருப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

30 ஆகஸ்ட் 2025

20 யுவான் நோட்டு. பின்பக்கத்தில் இருக்கும் காட்சி ஷிங்பிங் அருகில், ஆண்டு 1999 என்று அச்சான வரிசையிலிருந்து வருகிறது. படகு அந்த இடத்தைக் கடக்கும்போது எல்லாரும் நோட்டைக் கையில் பிடித்துப் படம் எடுப்பார்கள். முன்னதாகவே ஒரு 20 தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போது யாரும் தாள் வைத்திருப்பதில்லை, கடைசி நேரத்தில் படகு முழுக்க ஒரு தாளுக்கு அலைவார்கள்.

பணம் பற்றிக் கேட்டவர்களுக்கு: கிளம்பும் முன்பே அலிபேயில் விசா அல்லது மாஸ்டர் அட்டையை இணைத்து, கடவுச்சீட்டைச் சரிபார்த்துவிடுங்கள். ஒரு தடவையில் 200 யுவானுக்குக் கீழ் என்றால் கட்டணம் இல்லை, மேலே போனால் 3 சதவீதம். வங்கியின் ஓடிபி வர இந்திய சிம் ரோமிங்கில் உயிரோடு இருக்க வேண்டும். அந்த ரோமிங்கில் வாட்ஸ்அப்பும் ஓடும், விடுதி வைஃபையில் ஓடாது.

14 செப்டம்பர் 2025

நீர்க்காகத்தோடு படம் எடுத்தால் காசு கேட்கிறார்களே, ஏமாற்றா என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஏமாற்று இல்லை. நீர்க்காகத்தை வைத்து மீன் பிடிப்பது இந்த ஆற்றின் பழைய தொழில். பறவை விழுங்கிவிடாமல் கழுத்தில் கயிறு கட்டி, பிடித்த மீனைப் படகில் துப்ப வைப்பார்கள். இன்று அதில் பிழைக்க முடியாது. அந்த வயதானவர்கள் விளக்கையும் பறவையையும் வைத்துக்கொண்டு படத்துக்கு நிற்கிறார்கள். நாள் முழுக்க வெயிலில் நிற்கும் உழைப்பு அது. முதலில் தொகை கேளுங்கள், சரிப்பட்டால் எடுங்கள், கேட்காமல் தூரத்திலிருந்து எடுத்துவிட்டு நழுவாதீர்கள்.

20 செப்டம்பர் 2025

அக்டோபர் 1 முதல் ஒரு வாரம் சீனாவில் தேசிய விடுமுறை. இந்த முறை நடு இலையுதிர் விழாவும் சேர்ந்து 8-ஆம் தேதி வரை. தயவுசெய்து அந்த நாள்களில் போகாதீர்கள். ரயில் கிடைக்காது, விடுதி பல மடங்கு, மேல்தளத்தில் முழங்கை வைக்க இடம் இருக்காது. 10-ஆம் தேதிக்குப் பிறகு போனால் வானிலை நன்றாக இருக்கும், குய்லின் தெருக்களில் ஒஸ்மாந்தஸ் பூ வாசனையும் இருக்கலாம்.

26 அக்டோபர் 2025

கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு இன்று முதல் நேரடி விமானம் மறுபடி தொடங்குகிறது. ஐந்து வருடத்துக்கு மேல் இல்லாமல் இருந்தது. சென்னைக்காரர்கள் சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியையும் விலை பார்த்து ஒப்பிடுங்கள்.

விசா: இந்தியக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். வேறு நாட்டுக்குப் போகும் வழியில் 240 மணி நேரம் விசா இல்லாமல் தங்கும் சலுகைப் பட்டியலில் இந்தியா இல்லை. இணையத்தில் பார்த்துவிட்டு நமக்கும் உண்டு என்று டிக்கெட் போடாதீர்கள். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம்.

16 நவம்பர் 2025

பொங்கல் விடுமுறையில் அப்பாவோடு போகலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போகலாம். சீனப் புத்தாண்டு 2026-இல் பிப்ரவரி 17, ஆகவே ஜனவரி நடுவில் கூட்டம் குறைவு, விலையும் குறைவு. ஆனால் ஆற்றில் தண்ணீர் இறங்கியிருக்கும். மேலே சிங்ஷிதான் நீர்த்தேக்கத்திலிருந்து திறந்துவிட்டுத்தான் படகு ஓட்டுகிறார்கள். ரொம்ப இறங்கினால் பாதையைக் குறைத்துவிடுவதும் உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே எங்கே ஏற்றி எங்கே இறக்குவார்கள் என்று கேளுங்கள். யாங்டியும் ஷிங்பிங்கும் அதற்குள் வந்தால் எடுங்கள், வராவிட்டால் பணத்தை மிச்சம் பிடித்து நேரே ஷிங்பிங் போய்விடுங்கள்.

குளிர் ஐந்து முதல் பத்து பன்னிரண்டு டிகிரி, ஈரக் குளிர். நம் ஆட்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து காதை மறந்துவிடுவார்கள். அப்பாவுக்குக் குரங்குக் குல்லா கட்டாயம். மேல்தளத்தில் காற்று முதலில் காதைத்தான் பிடிக்கும்.